‘இண்டைக்கு எனக்கு ஏலாது’

அருளையும் அன்பையும் அளவின்றிப் பொழிகின்ற இறைவனின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

கடற்காற்று பந்தல் துணியைப் பிடித்து இழுக்க இழுக்க, அசையாமல் அமர்ந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பள்ளிவாசல் நிருவாக சபைத் தலைவர் ஜெமீல் ஹாஜியார் அவர்களே, அவரின் வலப்புறம் வீற்றிருக்கும் மதிப்புமிகு மௌலவிமார்களே, எங்கள் பாடசாலை அதிபர் அவர்களே, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் குறிஞ்சிப்பிட்டி விவசாயப் பெருமக்களே, வலையைக் கரையில் போட்டுவிட்டு வந்திருக்கும் பள்ளிவாசல்துறைச் சகோதரர்களே, உச்சமுனையிலிருந்து பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு படகேறி வந்திருக்கும் அருமை உம்மாமார்களே, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கையில் ஒன்றுமில்லாமல் வந்து, இன்று எங்களுக்குச் சம்பந்திகளாகவும் சகோதரர்களாகவும் ஆகிவிட்ட பெரியோர்களே, இந்த மேடையின் ஓரத்துக் கதிரையில், மாலை வேண்டாம் என்று மறுத்துவிட்டு மௌனமாக அமர்ந்திருக்கும், சிறுவர் சிறுநீரகத் தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் ஷிஹாரா அவர்களே, உங்கள் எல்லோர்மீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்.

என் பெயர் கைருன்னிஸா. உங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். இன்று எனக்குத் தரப்பட்ட வேலை நன்றியுரை. டொக்டர் ஷிஹாரா எங்கள் கரையோரப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு நிறைவடைந்துவிட்டது. அதன் பயனாக வருகிற வியாழக்கிழமை இந்தப் பாடசாலையின் மேற்குக் கட்டடத்தில் சிறுவர் க்ளினிக் திறக்கப்படுகிறது. அதற்கு நாலு வரி நன்றி சொல்லிவிட்டு இறங்கும்படி ஹாஜியார் என்னிடம் சொன்னார். ஹாஜியார் அவர்களே, நாலு வரியில் நான் இறங்கப் போவதில்லை. உங்கள் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் அந்த மணியைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள்.

ஓம், தள்ளி வைத்துவிட்டார். அவருக்கு என் முதல் நன்றி.

நான் சொல்லப்போவது என் மகன் ஸப்ராஸின் கதை. கூடவே டொக்டரின் கதையும் வரும். அதைச் சொல்லலாமா என்று நேற்றே அவரிடம் கேட்டுவிட்டேன். “மறைக்காமச் சொல்லுங்க டீச்சர், அரைகுறையாச் சொன்னாத்தான் கதை கட்டுவாங்க” என்றார். ஆகவே முழுதாகச் சொல்கிறேன்.

பெரியோர்களே, ஸப்ராஸ் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. வந்தது, போனது, மீண்டும் வந்தது. மழைக்காலத்தில் வந்தால் டெங்கு என்று பயந்தோம். வெயில்காலத்தில் வந்தால் வெயில் என்று சொன்னோம். கல்பிட்டிக்குக் கொண்டு ஓடினோம்; புத்தளத்துக்குக் கொண்டு ஓடினோம். இரத்தத்தைச் சோதித்தோம், டெங்கு இல்லை என்றார்கள். பனடோல் கொடுத்தோம்; இறங்கியது. இறங்கிய காய்ச்சல் எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டோமா? கேட்கவில்லை. இறங்கியதே போதும் என்று இருந்தோம். அவன் வயதுப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவன் வளரவில்லை. சட்டை கிழிந்துதான் மாற்றினேனே தவிர, சிறுத்துப்போய் மாற்றியதில்லை.

அப்போதுதான் டொக்டர் ஷிஹாராவின் ஆய்வுக் குழு இந்த ஊருக்கு வந்தது. அவர்கள் கேட்டது ஒன்றேயொன்றுதான்: காரணம் தெரியாமல் காய்ச்சல் வருகிற பிள்ளையின் சிறுநீரைத் தாருங்கள். அன்று இதே முற்றத்தில் எத்தனை பேர் சிரித்தோம்? “மூத்திரத்தக் கொண்டுபோய் என்ன செய்யப் போறாங்க, விக்கவா போறாங்க” என்று பகிடி பண்ணியவர்கள் இப்போதும் பின்வரிசையில் இருக்கிறார்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் தலையைக் குனியவும் வேண்டாம். சிரித்துச் சிரித்தென்றாலும் சிறுநீரைக் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி.

என் மகனின் சிறுநீரில் கிருமி இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு வேறு பரிசோதனைகள் எடுத்தார்கள். எங்கள் உடம்பில் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்குகின்றன. சிறுநீர் அந்த வழியால் இறங்கவேண்டும், ஏறக்கூடாது. என் மகனுக்கு அது ஏறியது. ஏறும்போதெல்லாம் கிருமியையும் கூட்டிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு காய்ச்சலும் அவன் சிறுநீரகத்தில் ஒவ்வொரு தழும்பை எழுதிவிட்டுப் போனது. நாங்கள் பனடோல் கொடுத்து இறக்கிய காய்ச்சல் போன இடம் அதுதான். இடப்பக்கச் சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. வலப்பக்கத்திலும் தழும்பு தொடங்கியிருந்தது.

“மருந்து குடுத்துப் பாத்துட்டம் டீச்சர், நிக்கல்ல” என்றார் டொக்டர். “ரெண்டு குழாயையும் கழட்டி, சிறுநீர்ப்பையில வேற விதமா வெச்சுத் தைக்கணும். வலப்பக்கத்தையாவது காப்பாத்துவம்.”

அந்த ‘ஆவது’ என்ற சொல்லைக் கேட்ட தாய்க்குத்தான் அதன் பாரம் தெரியும்.

கொழும்பில் நாள் குறித்தார்கள். என் கணவர் றஸீன், அதோ அந்தத் தென்னை மரத்தடியில் கதிரை இருந்தும் உட்காராமல் நிற்கிறாரே அவர்தான், தோட்டத்தை அயலவரிடம் ஒப்படைத்தார். நான் பாடசாலையில் லீவு எடுத்தேன். எல்லாம் ஆயத்தம்.

அந்த வாரம் பள்ளிவாசல்துறையில் ஒரு கலியாண வீடு. என் கணவரின் மூத்த சகோதரி றிஸானா மதினி அங்கே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமலே எங்கள் வாசலில் நின்றார். மதினி இன்று முன்வரிசையில் இருக்கிறார். பெயரைச் சொல்லவா என்று கேட்டேன். “சொல்லு, நான் சொன்னதத்தானே சொல்லப்போறா” என்றார். சொல்கிறேன்.

“கைருன், புள்ளய வெட்டப்போற டொக்டர் யாரெண்டு தெரியுமா உனக்கு?”

“ஷிஹாரா டொக்டர். ஏன் மதினி?”

“அந்தப் பொம்புளைக்கு மண்டையில வருத்தமாம். போன வருசம் மாசக்கணக்கா வேலைக்கே வரல்லயாம். இன்னும் குளிசை குடிக்கிறாவாம். கொழும்புல வேலை செய்ற புள்ளை ஒண்டு கலியாண வீட்டுல வெச்சுச் சொன்னிச்சு.”

என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். கேட்டார். அவர் அதிகம் பேசுகிறவரல்ல. “அப்ப வேணாம்” என்றார்.

அவைக்கு ஒரு கேள்வி. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வெளியில் நின்று பார்க்கிறவர் வீரமாகப் பேசலாம். உங்கள் பிள்ளை, உங்கள் வயிற்றில் சுமந்த பிள்ளை, மயக்க மருந்தில் கிடக்க, மனம் கலங்கியிருந்த ஒருவரின் கையில் கத்தி இருக்கும் என்றால், உங்கள் நெஞ்சு என்ன சொல்லும்? என் நெஞ்சும் அதையேதான் சொன்னது. ஆனால் ஊர்க்கதையை வைத்து முடிவெடுக்க எனக்கு மனமில்லை. புத்தளத்தில் அவருக்கு க்ளினிக் இருந்த நாளில் போனேன். கடைசி நோயாளி வெளியேறும்வரை இருந்தேன். உள்ளே போனேன். சுற்றி வளைக்கவில்லை.

“டொக்டர், உங்களுக்கு மனவருத்தம் இருந்ததா?”

அவர் பேனையை மூடி வைத்தார். “இருந்தது. மனச்சோர்வு. இப்பவும் மருந்து குடிக்கிறன்.”

“என்ன நடந்திச்சு? யாரும் மௌத்தாப் போனாங்களா? வீட்டுல பிரச்சினையா?”

“எல்லாரும் ஒரு காரணம் கேட்டாங்க டீச்சர். எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இரிக்கல்ல. வெள்ளாப்புக்கு முந்தியே, இருட்டோட முழிப்பு வந்திரும். சோறு மண்ணு மாதிரி. என்ட மகள் சிரிச்சா, அது தூரத்துல யாரோ சிரிக்கிற மாதிரி. ஒரு நாள் தியேட்டருக்குள்ள நிண்டு எந்த நூலால தைக்கிறதெண்டு யோசிச்சன். தினமும் எடுக்கிற நூல். அது எனக்குப் பெரிய மலையா இருந்திச்சு. அண்டைக்கே என்ட பெரிய டொக்டர்ட்டப் போய், நான் கொஞ்ச நாள் வேலைக்கு வராம நிக்கப்போறன் எண்டு சொன்னன். எந்தப் புள்ளைக்கும் ஒண்டும் நடக்க முந்தி.”

நான் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். “ஈமான் குறைஞ்சா இப்படி வருமெண்டு சொல்றாங்களே.”

அவர் கோபிக்கவில்லை. “தொழுதுகொண்டுதான் இருந்தன் டீச்சர். சுஜூதுல நெத்திய நிலத்துல வெச்சுக் கிடந்து, எழும்ப ஏலாம அழுதுகொண்டுதான் இருந்தன். ஸப்ராஸ்ட சிறுநீரகம் ஒரு உறுப்பு. மூளையும் ஒரு உறுப்பு. நித்திரையையும் பசியையும் பயத்தையும் நடத்துற இடங்கள் அதுக்குள்ளதான் இரிக்கிது. ஒரு இடத்துல இரிந்து மத்த இடத்துக்குப் போற சேதி தடுமாறினா, எல்லாம் தடுமாறும். பயம் வந்தா உடம்புல ஒரு சுரப்பு கூடும்; பயம் போனா அது குறையணும். சிலருக்குக் குறையாமலே நிக்கிது. பரம்பரையும் ஒரு பங்கு, வாழ்க்கையும் ஒரு பங்கு. ஏன் ஒருத்தருக்கு வருது, மத்தவருக்கு வரல்ல எண்டு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாதத தெரியுமெண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா இது குணமாகும். எனக்குக் குணமாகிக்கொண்டு வருது.”

பிறகு சொன்னார்: “உங்களுக்கு வேற டொக்டர் வேணுமெண்டா நானே கதைச்சுத் தாறன். காத்திரிக்க வேண்டி வரும். நான் கோவிக்க மாட்டன். உம்மா ஒருத்தி இதக் கேக்காம இரிந்தாத்தான் நான் யோசிப்பன்.”

அவையோரே, அன்றைக்கு நான் வீடு வந்து என் கணவரோடு வாதாடினேன். பட்டிமன்றத்தில் வாதாடியிருக்கிறேன், தமிழ்த்தினப் போட்டியில் வாதாடியிருக்கிறேன். அப்படி ஒரு வாதம் நான் ஒருநாளும் வாதாடியதில்லை. “பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல்ல” என்றேன். “எல்லா டொக்டர்மாரும் தன்ட வருத்தத்த வாயால சொல்லுவாங்களா” என்றேன். அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “ஒனக்கு நம்பிக்கையெண்டா சரி” என்றார். அது சம்மதம் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனோம்.

இனித்தான் நெருப்பு வருகிறது. கேளுங்கள்.

சத்திரசிகிச்சை நாள் காலை. ஸப்ராஸ் வெறும் வயிறு. பச்சை உடுப்பு உடுத்தி, கையில் ஊசிக் குழாய் பொருத்தி, தள்ளுகட்டிலில் படுத்திருந்தான். “உம்மா, முடிஞ்ச உடன திங்கப் பாண் தருவாங்களா” என்று கேட்டான். நான் வாயில் ஓதியபடி அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. டொக்டர் ஷிஹாரா வெளியே வந்தார். அவரோடு அவரிடம் பயிற்சி பெறும் டொக்டர் றிஸ்மின் வந்தார். டொக்டர் என் முன்னால் நின்றார்.

“டீச்சர், இண்டைக்கு எனக்கு ஏலாது.”

எனக்கு விளங்கவில்லை. “என்ன டொக்டர்?”

“ரெண்டு நாளா அவசரக் கேஸ்கள். நித்திரை இல்ல. என்ட தலை தெளிவா இல்ல. இது அவசர ஒப்பரேசன் இல்ல. நுணுக்கமான ஒப்பரேசன். தெளிவில்லாத தலையோட நான் ஸப்ராஸத் தொட மாட்டன். அடுத்த கிழமை செய்வம்.”

ஊரே தடுத்தும், உறவே தடுத்தும், கணவனை வாதாடி வென்று, பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்த தாயிடம், வாசலில் நின்று ‘ஏலாது’ என்கிறார். நான் என்ன செய்தேன்? கத்தினேன். நோயாளிகள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். “ஏலாதெண்டா என்னத்துக்கு நாள் தந்தீங்க? ஒங்கட வருத்தத்துக்கு என்ட புள்ளையா பலி?” என்று கேட்டேன். அது பிழை என்று சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை. பிள்ளை பெற்ற எவளும் அதைத்தான் கேட்டிருப்பாள். டொக்டர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. என் கணவர் மகனைத் தூக்கித் தோளில் போட்டார். “வா, போவம்” என்றார்.

கொழும்பிலிருந்து புத்தளம், புத்தளத்திலிருந்து பாலாவி திரும்பி, உப்பளங்களைக் கடந்து இந்த நிலத்துக்கு. பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் மதினி நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதுதான் எனக்குப் பெரிய அடி.

மூன்றாம் நாள் ஸப்ராஸுக்குக் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சலா? பற்கள் கிட்டி, கட்டில் ஆடுமளவுக்கு நடுங்கும் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே கையை வைக்கவிடாமல் கதறினான். வலது பக்கம் என்றால் எது? நாங்கள் காப்பாற்றத் துடித்த சிறுநீரகம் இருக்கும் பக்கம். புத்தளத்துக்குக் கொண்டு ஓடினோம். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஊர் முழுக்கக் கதை பரவியது. “அண்டைக்கு வெட்டியிரிந்தா இது வந்திரிக்காது.” “பைத்தியத்துக்கிட்டப் புள்ளயக் குடுத்தா இப்படித்தான்.” அந்த வார்த்தைகள் எல்லாம் என் காதுக்கு வந்தன. சொல்லப்போனால் அவற்றில் சில என் மனதுக்குள்ளிருந்தே வந்தன.

காய்ச்சல் அடங்கத் தொடங்கிய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பின் வார்ட்டுக்கு ஒருவர் வந்தார். டொக்டர் றிஸ்மின். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தில், இதே புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. சத்திரசிகிச்சைப் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருந்தவர். லீவில் வீட்டுக்கு வந்தவர், ஸப்ராஸைப் பார்க்க வந்தார். நான் அவரோடு பேசவில்லை. என் கணவர்தான் கேட்டார்.

“அண்டைக்கு உண்மையா என்ன நடந்திச்சு தம்பி? மறைக்காமச் சொல்லுங்க.”

“சொல்றன், றஸீன் நானா. மெடம் சொல்லவேணாமெண்டு சொல்லல்ல. அண்டைக்குக் காலைல உடுப்பு மாத்தி ஆயத்தமாகிற நேரம், மெடம் என்ட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. ஸப்ராஸ்ட ரத்தம் ஆயத்தமா எண்டு. ஆயத்தம் எண்டன். கொஞ்ச நேரத்துல திரும்பவும் அதையே கேட்டாங்க. கேட்டது அவங்களுக்கு ஞாபகம் இல்ல. நான் சொன்னன், மெடம், இத இப்பத்தான் கேட்டீங்க எண்டு.”

“அதுக்கு?”

“கையுறையக் கழட்டிட்டாங்க. ‘அப்ப இண்டைக்கு நான் செய்யக்கூடாது’ எண்டாங்க.”

என் கணவர் அவர் முகத்தையே பார்த்தார். “நீங்க அவங்களுக்குக் கீழ படிக்கிற ஆள். அப்படிச் சொல்லப் பயமில்லயா?”

“முந்தி வேற இடத்துல படிச்ச நேரம் எண்டா வாயே திறந்திரிக்க மாட்டன் நானா. பெரியவர்ட கை பிழைச்சாலும் கண்ண மூடிக்கொண்டு நிப்பம். மெடத்துக்கிட்ட வந்த முதல் நாளே என்னக் கதிரையில இருத்திச் சொன்னாங்க: ‘எனக்கு மனச்சோர்வு இரிக்கிது. திரும்ப வரலாம். நான் பிழையா நிக்கிறதக் கண்டா வாயத் திறக்கணும். கத்தி பிடிக்கிறதப் போல இதையும் நான் ஒங்களுக்குப் படிப்பிக்கிறன்.’ அண்டைக்கு நான் சொல்லாம இரிந்திரிக்கலாம். மெடம் கேட்டும் கேக்காத மாதிரி உள்ள போயிரிக்கலாம். ரெண்டு பேரும் அதச் செய்யல்ல.”

அவர் போனபின் என் கணவர் என்னிடம் திரும்பினார்.

“அந்த டொக்டரே செய்யட்டும்.”

நான் திகைத்தேன். “நீங்களா சொல்றீங்க? எனக்கு இப்ப மனமில்ல. வேற ஆள்ட்டப் போவம்.”

“கைருன், கடலுக்குப் போற ஆள்மாரக் கேட்டுப் பாரு. காத்து சரியில்ல, இண்டைக்குப் போகல்லெண்டு சொல்ற ஆளோடதான் அவனவன் தன்ட புள்ளய அனுப்புவான். எந்த நாளும் ஏலும், எந்த நாளும் ஏலும் எண்டு சொல்ற ஆளுக்குத்தான் எனக்குப் பயம். இந்தப் பொம்புள வாசல்ல வந்து, நீ கத்துவா எண்டு தெரிஞ்சும், ஏலாதெண்டு சொல்லியிரிக்கிறா. எனக்கு அது போதும்.”

பெரியோர்களே, முதலில் நான் வாதாடினேன், அவர் மறுத்தார். பிறகு அவர் வாதாடினார், நான் மறுத்தேன். இரண்டு முறையும் நடுவில் கிடந்தது ஒரே பிள்ளை. அந்த வார்ட்டில் நான் அழுது முடித்தபோது சம்மதித்தேன். தைரியத்தால் அல்ல, வேறு வழியில்லாத களைப்பாலும், என் கணவரின் முகத்தில் கண்ட தெளிவாலும்.

கிருமி முழுக்க அடங்கியது உறுதியான பிறகு மறுபடியும் கொழும்பு. மறுபடியும் வெறும் வயிறு. மறுபடியும் அதே பச்சை உடுப்பு. டொக்டர் ஷிஹாரா வந்தார். ஸப்ராஸின் உயரத்துக்குக் குனிந்தார். “நேத்து நான் நல்லா நித்திரை கொண்டன். நீங்க?” என்றார். “நான் கொள்ளல்ல” என்றான் அவன். “நீங்க இப்பக் கொள்ளுவீங்க” என்றார். கதவு மூடியது.

மதியத்துக்குள் முடியும் என்றார்கள். மதியம் வந்தது, முடியவில்லை. ளுஹர் தொழுதோம், முடியவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்தோம். ஒவ்வொரு முறையும் வேறு யாருக்கோ வேறு யாரோ வந்தார்கள். உள்ளே என்ன? கை தடுமாறிற்றா? தலை தடுமாறிற்றா? இரத்தம் போகிறதா? யாரிடம் கேட்பது? என் கணவர் ஒரு கட்டத்தில் தன் பேச்சையே மறந்தவர்போல், “நான் பிழை விட்டுட்டனோ கைருன்” என்றார். வாழ்நாள் முழுக்கச் சொல் விற்றுச் சோறு தின்கிறவள் நான். அன்று என்னிடம் ஒரு சொல் இல்லை.

பின்னேரம், அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம் கதவு திறந்தது. முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருக்க, டொக்டர் வந்தார்.

“முடிஞ்சிது. அடிக்கடி கிருமி வந்து சிறுநீர்ப்பைச் சுவர் தடிச்சுப் போயிரிந்திச்சு. அதான் நேரம் எடுத்தது. அவசரப்படல்ல. வலப்பக்கம் நான் தைச்சன். இடப்பக்கம் றிஸ்மின் தைச்சார், நான் பக்கத்துல நிண்டன். ரெண்டும் நல்லா வந்திரிக்கிது.” மூச்செடுத்துவிட்டுச் சொன்னார்: “சுருங்கின சிறுநீரகம் திரும்பி வராது டீச்சர். அத நான் தர ஏலாது. வலப்பக்கத்தக் காப்பாத்தியிரிக்கிறம், இன்ஷா அல்லாஹ்.”

ஏலாததை ஏலாது என்றார். ஏலுமானதைச் செய்து முடித்துவிட்டுச் சொன்னார். அதன் பிறகு ஸப்ராஸுக்கு அந்தக் காய்ச்சல் வரவில்லை. பரிசோதித்துப் பார்த்தார்கள், சிறுநீர் மேலே ஏறவில்லை. இந்த வருடம் சட்டை சிறுத்துப்போய் மாற்றினேன். இப்போது அந்தப் பந்தல் கம்பில் ஏறி உங்கள் எல்லோருடைய பார்வையையும் மறைத்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான். இறங்கு மகன்.

அன்பானவர்களே, இப்போது நன்றியுரைக்கு வருகிறேன். நான் டொக்டருக்கு எதற்காக நன்றி சொல்லவேண்டும்? கத்தி பிடித்ததற்கா? அதற்கும்தான். ஆய்வு நடத்தி, ஒளிந்திருந்த நோயைக் கண்டுபிடித்ததற்கா? அதற்கும்தான். ஆனால் இந்தக் கரையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை அவர் சொன்னார், அதற்காக.

எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் சொல்கிறோம். கால் முறிந்தால் சொல்கிறோம். சீனி வருத்தம் வந்தால் ஒருவருக்கொருவர் மருந்தின் பெயர்கூடச் சொல்கிறோம். ஆனால் விடியுமுன் விழித்து, விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறோமே, அதைச் சொல்கிறோமா? கடலில் மகனைப் பறிகொடுத்த வாப்பா, வருடங்கள் போயும் வலையைத் தொடாமல் இருக்கிறாரே, அவர் சோம்பேறியா? பிள்ளை பெற்ற வீட்டில், பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்த இளம் உம்மா, பாசமில்லாதவளா? ஓர் இரவில் ஊரை விட்டு விரட்டப்பட்டவர், பேரப்பிள்ளைகள் கண்ட பிறகும் வாசல் படலைச் சத்தம் கேட்டால் வியர்த்துப்போகிறாரே, அவர் கோழையா? இவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் மருந்து என்ன? பெயர் வைத்திருக்கிறோம். மண்டை வருத்தம் என்ற ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் பயந்து வாய் மூடுகிறார்கள். மூடிய வாய்க்குள்ளே நோய் ஏறுகிறது. ஏறி ஏறி உள்ளத்தில் தழும்பு போடுகிறது.

போதும். இந்த வாய்ப்பூட்டை இந்த முற்றத்திலேயே உடைப்போம். வியாழக்கிழமை தொடங்கும் க்ளினிக்கில், பிள்ளைகளைப் பார்க்கும் அறைக்கு அடுத்த அறையில், உளநல வைத்தியர் ஒருவரும் இருப்பார். டொக்டர் ஷிஹாரா வற்புறுத்திக் கேட்டு ஏற்பாடு செய்தது அது. இரண்டு அறைக்கும் ஒரே வரிசை, காத்திருந்து உட்கார ஒரே வாங்கு. யார் எந்த அறைக்குப் போகிறார் என்று யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

முன்வரிசையில் ஒரு சகோதரி மெல்லக் கேட்கிறார், “முதல்ல யாரு டீச்சர் போவாங்க?” என்று. நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன்.

நான் போவேன்.

மகனுக்குச் சுகமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நாட்களுக்குப் பிறகு எனக்கு நித்திரை சுகமாகவில்லை. அவன் ஓடுவதைப் பார்க்கிறேன். சந்தோசம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வருவதில்லை. வகுப்பில் நின்று பாடத்தின் நடுவில் அடுத்த வரி மறந்து நிற்கிறேன். பிள்ளைகள் நான் வேண்டுமென்றே நிறுத்துகிறேன் என்று நினைக்கிறார்கள். என் கணவருக்கு இதை நேற்றுத்தான் சொன்னேன். அவர் உட்காராமல் நிற்பது அதனால்தான். இன்று உங்கள் முன்னால் இவ்வளவு உரக்கப் பேசுகிறேனே, இதைப் பேச எனக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பது எனக்கும் இறைவனுக்கும் தெரியும். ஆகவே அவையறியச் சொல்கிறேன்: குறிஞ்சிப்பிட்டிக் கைருன்னிஸா டீச்சருக்கு ஏலாது. வியாழக்கிழமை காலை அந்த வாங்கில் முதல் ஆளாக நான் இருப்பேன். சிரிக்க விரும்புகிறவர்கள் வந்து சிரிக்கலாம். என் பக்கத்தில் இருக்க விரும்புகிறவர்கள் வந்து இருக்கலாம். வாங்கு நீளமானது.

றிஸானா மதினி எழும்பி நிற்கிறார். என்ன மதினி?

“நானும் வாறன் எண்டு சொல்லு.”

அவைக்குக் கேட்டதா? கேட்காதவர்களுக்காக நான் சொல்கிறேன்: மதினியும் வருகிறாராம்.

மணியை அடிக்காத தலைவருக்கும், மாலையை மறுத்து உண்மையை அனுமதித்த டொக்டர் ஷிஹாராவுக்கும், வாயைத் திறந்த டொக்டர் றிஸ்மினுக்கும், பொறுமையோடு கேட்டிருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. உங்கள் பிள்ளைகளின் உடலுக்கும் உங்கள் உள்ளத்துக்கும் இறைவன் ஆரோக்கியம் தரட்டும். வியாழக்கிழமை சந்திப்போம். வஸ்ஸலாம்.